ஆன்கி ஆப்: நர்சிங் பசங்களோட ஒரு வருஷம் யூஸ் பண்ணிப் பாத்துட்டு எழுதுறேன்

பெங்களூர்ல ஒரு நர்சிங் காலேஜ்ல பார்மகாலஜி எடுக்குறேன், கிளாஸ்ல பாதிப் பேர் ஓசூர், கிருஷ்ணகிரிப் பசங்க. மருந்துப் பேர ராத்திரி முழுக்க மார்க்கர் போட்டுப் படிப்பாங்க, இன்டர்னல்ஸ்லயும் நல்லா எழுதுவாங்க, ஆனா வார்டுக்குப் போறதுக்குள்ள எல்லாம் மறந்துடும், பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

2006ல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு பேர் காலேஜ் ஸ்டூடன்ட்ஸ வச்சுப் பண்ண ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. திரும்பத் திரும்பப் படிச்சவங்க 5 நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முன்னாடி நின்னாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, படிச்சத பாக்காம ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தவங்கதான் முன்னாடி!! கேள்வி-பதில் கார்டு வச்சுப் படிக்கிற ஆப்தான் ஆன்கி, அது பண்றதும் அதேதான். கார்டுல கேள்வி மட்டும் காட்டும், மனசுக்குள்ள பதில் சொல்லிட்டுத்தான் திருப்பணும், தெரியலன்னு அமுக்கினா சீக்கிரமே மறுபடி வரும், ஈஸின்னா நாள்கணக்குல தள்ளிப் போயிடும்.

ஆண்ட்ராய்டுலயும் கம்ப்யூட்டர்லயும் ஃப்ரீ, ஐபோன்ல மட்டும் காசு. நெட் இல்லாமயும் ஓடும், அதனால சில்க் போர்டு டிராஃபிக்ல பஸ் நிக்கிற நேரத்துலயே பசங்க முடிச்சிடுறாங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், அடுத்தவங்க கார்ட டவுன்லோட் பண்ணாதீங்க, நீங்களே டைப் பண்ணுங்க, தமிழ்லயும் போடலாம். நாலு நாள் விட்டா கார்டு குவிஞ்சிடும், தினமும் 15 நிமிஷம் ஒதுக்குங்க. போன மாசம் ஃபுரோசமைடு (யூரின் நிறைய போக வைக்கிற மருந்து) குடுக்குறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்னு வார்டு சிஸ்டர் கேட்டப்போ, எங்க கிளாஸ் பொண்ணு பிபி, பொட்டாசியம்னு டக்குனு சொன்னா, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.