நம் கட்சிக்காரர் விற்ற கப்பல் டிக்கெட்

கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப்போகிற சென்னைவாசிகள் யாராவது இருந்தால் ஒரு நாள் பொறுத்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். குறிப்பாக, தலையங்கம் படிக்காமல் காலைக் காபி தொண்டையில் இறங்காதவர்கள். நான் அந்த இனம். ஏமாந்ததும் அதனால்தான்.

நான் தணிக்கைத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறர் எழுதிய கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் என் மனைவி சொல்லிவிடுவார். எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் சொன்னது: "மெரினாவில் நின்று அறுபது வருடமாகக் கடலைப் பார்த்தாயிற்று. ஒரு தடவை கடலில் நின்று கரையைப் பார்க்க வேண்டும்."

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய் மீண்டும் சிங்கப்பூரில் இறங்கும் நான்கு இரவுக் கப்பல் பயணம். தியாகராய நகரில், குறுகலான மாடிப்படி ஏறிப் போகும் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் பதிவு செய்தேன். வழக்கு நடப்பதால் பெயர் எழுதவில்லை. எழுதினாலும் பயனில்லை, பலகையை மாற்ற அவர்களுக்கு ஒரு நாள் போதும்.

அது 2024 ஏப்ரல் முதல் வாரம். 19-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. ஊரே அந்தப் பேச்சாக இருந்தது. என் கையில் வழக்கம்போல மடித்த செய்தித்தாள், தலையங்கப் பக்கம் வெளியே தெரியும்படி. அலுவலகத்தை நடத்துகிறவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கப்பல் படங்கள் போட்ட புத்தகத்தை என் பக்கம் தள்ளியவர், அதைத் திறப்பதற்கு முன் கேட்டார்: "என்ன சார், புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதும் ஒரே பக்கம் போய்விடுமா?"

அவ்வளவுதான். நான் பேச ஆரம்பித்தேன். நான் எந்தப் பக்கம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் இத்துடன் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். அவர் நான்கு வாக்கியம் கேட்டார், பிறகு ஐந்தாவது வாக்கியத்தை எனக்கு முன்பே அவர் சொன்னார்.

நாங்கள் பேசாதது எதுவும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் தம் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதையைச் சொன்னார். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ராம்சார் தலம், அதாவது உலக அளவில் காக்க வேண்டிய நீர்நிலை என்று 2022-இல் அறிவித்துவிட்டு, சுற்றிலும் கட்டடம் எழும்புவதை வேடிக்கை பார்க்கிறோமே என்றேன் நான். "அதையேதான் சார் நானும் சொல்கிறேன்" என்றார். அங்கிருந்து பேச்சு கப்பலுக்கு வந்தது, ஆனால் என் கப்பலுக்கு இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய சொகுசுக் கப்பலைச் சூதாட்டத்தைக் காரணம் காட்டிப் புதுச்சேரியில் விடவில்லை அல்லவா, அது சரியா தவறா என்று கேட்டார். என் கருத்து இன்றும் அதேதான். சூதாட்டம் வேண்டாம் என்று ஓர் அரசு சொன்னால் அதில் குறை காணமாட்டேன். ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தாண்டிய பிறகு சூதாட்ட மேசையைத் திறந்துகொள்ளலாம் என்றால், அது என்ன ஒழுக்கம், தூரத்தை அளந்து வருகிற ஒழுக்கம்? டாஸ்மாக் கடைக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை, தெருமுனை போதும். இதைச் சொன்னதும் அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதில் கப்பலைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம் இருக்காது. பால்கனி அறை, மூன்று வேளை சைவச் சாப்பாடு, துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை, பினாங்கில் தமிழ் பேசும் வழிகாட்டி, எல்லாம் அடக்கம் என்றார். "ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை அன்று நீங்கள் நடுக்கடலில் இருப்பீர்கள் சார். உங்களை முடிவு தெரியாமல் தவிக்க விடுவேனா? இன்டர்நெட்டும் அடக்கம்."

தொகை இருவருக்கும் சேர்த்து, விமான டிக்கெட்டுடன் மூன்று லட்சம். ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 15,000. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு அரசு பிடிக்கச் சொல்லும் டி.சி.எஸ். என்ற வரி அப்போது 5 சதவீதம், 15,750. ஆக 3,30,750 ரூபாய். இதுபோக மலேசியா, தாய்லாந்து விசாவுக்கு 14,000. பணத்தை நிறுவனத்தின் கணக்கில் போட வேண்டாம் என்றார். தேர்தல் நேரம், 50,000-க்கு மேல் ரொக்கத்துக்கு ஆவணம் கேட்கிறார்கள், பெரிய தொகை வந்தால் வங்கியிலும் கேள்வி வரும், தம் மனைவி பெயருக்கு யுபிஐயில் நாளுக்குக் கொஞ்சமாக அனுப்பிவிடுங்கள் என்றார். ரொக்கத்துக்கான சோதனைக்கும் வங்கிக் கணக்குக்கும் என்ன தொடர்பு? என் பழைய அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இந்த விளக்கத்தை எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கு அன்றே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிருக்கும். இவரிடம் நான் தலையாட்டினேன். நான்கு நாள் அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று பேப்பரில் போட்டிருந்தார்களே?" போட்டிருந்தார்கள்தான். தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா டிசம்பரிலும் அந்தச் சலுகையைத் தந்துவிட்டன. அது உள்பக்கத்தில் நான்கு வரிப் பெட்டிச் செய்தி. நான் தலையங்கம் படிக்கிறவன். "கப்பலில் போனால் வேறு விதி இருக்கும்" என்று அவருக்கு விளக்கினேன். சிங்கப்பூருக்கு மட்டும்தான் விசா தேவைப்பட்டது. மலேசியாவுக்கு வருகை அட்டை ஒன்றை இணையத்தில் இலவசமாக நிரப்பினால் போதுமாக இருந்தது. அதையும் கடைசியில் மனைவிதான் நிரப்பினார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசி. துறைமுகக் கட்டணம் ஏறிவிட்டதாம், 22,000 கட்டினால்தான் டிக்கெட் வெளியே வருமாம். அடக்கம் என்றீர்களே என்றேன். "பெட்ரோல் விலையை ஏற்றினால் நம்மைக் கேட்டா ஏற்றுகிறார்கள் சார்?" என்றார். கட்டினேன்.

ஜூன் 1, சனிக்கிழமை மாலை கப்பல் ஏறினோம். அறைக் கதவைத் திறந்ததும் எதிர்ச்சுவரில் அழகான திரை தொங்கியது. பால்கனி அதற்குப் பின்னால் என்று நினைத்து மனைவி திரையை இழுத்தார். பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. அதில் நாங்கள் இருவரும் பெட்டிகளுடன் நின்றுகொண்டிருந்தோம்.

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் பொறுமையாகக் கணினியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பெயரில் முதல் நாளிலிருந்தே ஜன்னல் இல்லாத உள் அறைதான் பதிவாகியிருந்தது. கப்பல் நிறுவனத்தின் பதிவு எண் ஒன்று உண்டு. அது பதிவு செய்த அன்றே கிடைத்துவிடும், அதைப் போட்டுப் பார்த்தால் அறை எது, கட்டணத்தில் எது சேர்ந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். எனக்கு அந்த எண் கிடைத்தது விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு. அதுவரை என் கையில் இருந்தது, அந்த அலுவலகமே அச்சடித்த, 'பால்கனி அறை உறுதி' என்று தங்க எழுத்தில் போட்ட ஒரு தாள். கப்பலுக்கு அந்தத் தாளைத் தெரியாது. துறைமுகக் கட்டணம் ஏறவே இல்லை என்பதையும் அந்தப் பெண்ணிடமே தெரிந்துகொண்டேன். அன்பளிப்புத் தொகையோ சேர்க்கப்படவில்லை. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்குப் போட்டு எட்டுப் பங்கு எங்கள் அறைக் கணக்கில் எழுதிவிட்டார்கள். கப்பல் ஊழியர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தயிர்சாதம் கேட்ட என் மனைவிக்கு ஒரு பிலிப்பைன்ஸ் நாட்டுப் பையன் தினமும் சோறும் தயிரும் தனித்தனியாகத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தான்.

பினாங்கில் தமிழ் வழிகாட்டி வரவில்லை. நல்லதாகப் போயிற்று. ஜார்ஜ் டவுனில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது. அங்கே பூக்கடை அம்மாவிடம் தமிழில் வழி கேட்டோம், அவரே பாதித் தூரம் கூட வந்தார். அந்த ஒரு மதியத்துக்காக நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்.

ஜூன் 4. மலாக்கா நீரிணையில் எங்கேயோ இருந்தோம். இந்தியாவில் காலை எட்டு மணி என்றால் கப்பல் கடிகாரத்தில் பத்தரை. இன்டர்நெட் அடக்கமில்லை என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஒரு நாளுக்குக் கேட்ட விலையைப் பார்த்து, வீம்புக்கு வாங்காமல் இருந்தேன். பதினொரு மணிக்கு வீம்பு போய்விட்டது. நான் வாங்கிய இணைப்பைச் சுற்றி மேல்தளத்தில் தமிழ் பேசுகிறவர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஜூன் 1 இரவு வந்த கணிப்புகள் பல பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று சொல்லியிருந்தன. கடைசியில் பா.ஜ.க. 240-இல் நின்றது, கூட்டணி 293. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்த்து நாற்பதும் ஒரே பக்கம். சிலர் கைதட்டினார்கள், சிலர் எழுந்து நீச்சல்குளம் பக்கம் போனார்கள். அண்ணாநகரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி, கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்து, நான் கொடுத்ததைவிடக் குறைவான பணத்தில் உண்மையான பால்கனியில் இருந்தார்கள். தேர்தல் முடிவைவிட எனக்கு வலித்தது அதுதான்.

சென்னை திரும்பியதும் அலுவலகத்துக்குப் போனேன். ஆள் இல்லை. தொலைபேசியில் கிடைத்தபோது, கப்பல்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள், நானே அவர்கள் மீது வழக்குப் போடப்போகிறேன் என்றார். நம்பினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம் ஆள் அல்லவா.

அந்த நம்பிக்கை உடைந்த இடம் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா. 2025 பிப்ரவரியில் ஒரு காலை. எங்கள் நடைக்குழுவில் ஒருவர் இருக்கிறார், இருபது ஆண்டு நண்பர், அரசியலில் எனக்கு நேர் எதிர். எங்கள் சண்டையைக் கேட்கவே பக்கத்துப் பெஞ்சில் ஆட்கள் உட்காருவார்கள். அவர் தாய்லாந்து போய்வந்து நொந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எனக்குப் படிக்கட்டு தெரிந்தது, மேசை தெரிந்தது. "எப்படி சார் நம்பினீர்கள்?" என்றேன். "நல்ல கொள்கைப் பிடிப்புள்ள ஆள். நாற்பதில் எத்தனை வரும் என்பதில் நானும் அவரும் ஒரே கருத்து. நம் கட்சிக்காரர்" என்றார்.

நண்பரிடம் அவர் சொன்ன எண்ணும் என்னிடம் சொன்ன எண்ணும் ஒன்றல்ல. வேளச்சேரி வெள்ளக் கதை மட்டும் இருவருக்கும் பொது. அதில் குற்றவாளிதான் ஆளுக்கேற்ப மாறியிருந்தார்.

மீதி ஓட்டை அந்த ஆகஸ்டில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது தெரிந்தது. டி.சி.எஸ். நம் பணம்தான், நம் பான் எண்ணில் வரவு வைக்கப்படும், வரியில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். வருமான வரி இணையதளத்தில் படிவம் 26ஏ.எஸ். என்ற அறிக்கையில் அது தெரிந்திருக்க வேண்டும். என் பெயரில் 15,750 ரூபாய் எங்கேயும் இல்லை. பிடித்தவர் கட்டவே இல்லை. சந்தேகம் வந்து ரசீதில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. பதிவு ரத்து என்று வந்தது, நான் பணம் கொடுத்ததற்கு முந்தைய தேதியில். அரசின் பெயரைச் சொல்லி என்னிடம் வாங்கிய 30,750 ரூபாயில் அரசுக்கு ஒரு காசு போகவில்லை. உங்களிடம் டி.சி.எஸ். பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. எண்ணைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அவர் யாருக்கு வாக்களித்தவராக இருந்தாலும்.

நானும் நண்பரும் சேர்ந்தே போய் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தனித்தனிப் புகார் கொடுத்தோம். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசினோம், வழி சொன்னார்கள். ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் நடத்தலாம், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். மனைவி அந்தத் தங்க எழுத்துத் தாளைக் கிழித்துப்போடாமல் வைத்திருந்தார். இப்போது அதுதான் முதல் ஆவணம்.

ஆணையத்தின் அறிவிப்பு போய்ச் சேர்ந்த மறுநாள் அந்த அலுவலகக்காரரே என்னை அழைத்தார். சமாதானமாகப் போய்விடலாம், பேசித் தீர்க்கலாம் என்றார். முடியாது என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "அது கிடக்கட்டும் சார், 2026-இல் யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். தொலைபேசியை உடனே வைத்துவிட்டதாகத்தான் நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்கிறார் மனைவி.