காது சோதனை: போன் செயலியா, ஆடியோமெட்ரியா?

டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறது, கூட்டத்தில் யார் பேசினாலும் "என்ன, என்ன?" என்று கேட்கிறீர்கள். எதில் தொடங்கலாம்?

உலக சுகாதார அமைப்பின் செயலி இலவசம். ஹெட்போன் மாட்டி, இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கும் மூன்று எண்களைத் தட்டினால் மதிப்பெண் வரும். ஏன் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாது.

அதற்கு ஆடியோமெட்ரி என்ற கேள்திறன் சோதனை வேண்டும். சத்தம் புகாத அறையில், தாழ்ந்த ஒலி முதல் கீச்சென்ற ஒலி வரை (வழக்கமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ்) ஹெட்போனில் கொடுத்து, ஒவ்வொரு காதையும் தனியாகச் சோதிப்பார்கள். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் சின்ன அதிர்வியை வைப்பார்கள். எலும்பு வழியே நன்றாகக் கேட்டு, ஹெட்போனில் குறைந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ. வெறும் அழுக்கு அடைப்பாகக்கூட இருக்கலாம். இரண்டு வழியிலும் ஒரே அளவு குறைந்தால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ.

என்னைக் கேட்டால், லேசான சந்தேகத்துக்குச் செயலி போதும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் செயலியைத் தொடவே வேண்டாம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், நாள் தள்ளினால் சிகிச்சை பலிப்பது குறையும்.