வஹாக்காவில் 4,800 பெசோ போச்சு: மெக்சிகோ சமையல் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மெக்சிகோ போகிறவர்கள், அதிலும் வஹாக்கா நகரத்தில் சமையல் வகுப்பில் சேர நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஆளுக்கு 2,400, இரண்டு பேருக்கு 4,800 பெசோ. அத்தனையும் போய்விட்டது. நடந்து ஐந்து நாள்தான் ஆகிறது, கோபம் அடங்கவில்லை. பெயர் போடவில்லை. பயணிகளுக்கு ‘உள்ளூர் அனுபவம்’ விற்கும் ஒரு முன்பதிவுச் செயலி, அதில் தன் வீட்டுச் சமையலறையில் வகுப்பு எடுக்கும் ஓர் ஆள். இவ்வளவு போதும். எப்படி ஏமாற்றினார்கள், நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது, இரண்டையும் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இது. காலை 9 மணிக்குச் சந்தை. முழு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்தது நிஷ்தமால், அதை அம்மியில் அரைத்து டோர்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டி. மிளகாய் வறுப்பதில் தொடங்கி மோலே நெக்ரோ என்கிற கறுப்புக் குழம்பு. மாலையில் ஆறு பதார்த்தங்களோடு ருசி விருந்து, மூன்று வகை மெஸ்கல் (அகாவே என்கிற ஆனைக்கற்றாழையில் காய்ச்சும் சாராயம்).

நம்பிய இடம் எது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தூண்டில் அங்கேதான் இருந்தது. சோளத்துக்குச் சுண்ணாம்பு எவ்வளவு போடுவீர்கள் என்று வகுப்பு எடுக்கும் அந்த ஆளிடம் கேட்டேன். இரண்டு நிமிடக் குரல் செய்தி வந்தது. ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்கு 10 கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது, மெல்லிய சூட்டிலேயே வேக வேண்டும். இரண்டு விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், அப்போது அடுப்பை அணைத்து, மூடி, ராத்திரி முழுக்க ஊற விட வேண்டும். காலையில் தண்ணீர் மஞ்சளாகியிருக்கும், அதைக் கொட்டிவிட்டு லேசாக அலச வேண்டும். தோலை முழுக்க எடுத்துவிடக் கூடாது, கொஞ்சம் மிச்சமிருந்தால்தான் மாவு பிடித்துக்கொள்ளும். ஒரு வார்த்தை தவறில்லை. இவ்வளவு தெரிந்த ஆள் எதற்கு ஏமாற்றப் போகிறார் என்று நினைத்தேன். அந்த இரண்டு நிமிடப் பேச்சுக்குத்தான் 4,800 பெசோ கொடுத்திருக்கிறேன்.

அடுத்து ஒரு புகைப்படம் வந்தது. உள்ளங்கை நிறைய சில்வாக்லே நெக்ரோ மிளகாய். மோலே நெக்ரோவின் உயிரே அதுதான். வஹாக்கா மாநிலத்தின் வடக்கே குயிகாத்லான் பள்ளத்தாக்குப் பக்கம் கொஞ்சமாக விளைவது, சாதாரண குவாஹீயோ மிளகாயைவிடப் பல மடங்கு விலை. “செயலியில் 800 மட்டும் கட்டுங்கள். மீதி 4,000 முந்தின நாள் சாயங்காலம் ரொக்கமாக வேண்டும், விடியற்காலையிலேயே மிளகாயும் வான்கோழியும் வாங்கணும்” என்றார். அந்த மிளகாய் கிடைப்பது அரிது என்பது உண்மை, அதனால் சொன்னதெல்லாம் உண்மையாகத் தெரிந்தது. ரசீது கேட்டதற்கு “எல்லாம் செயலியிலேயே வந்துவிடும்” என்றார். 4,000 பெசோவைக் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலை 8.40க்குச் செய்தி: “இன்று திங்கள், சந்தை மூடியிருக்கும், மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கே வந்துவிடுங்கள்.” பச்சைப் பொய். பெனித்தோ ஹுவாரெஸ் சந்தையும் 20 தே நோவியெம்ப்ரே சந்தையும் நகர மையத்தில் அடுத்தடுத்து இருப்பவை. நான் போனபோது இரண்டும் திறந்திருந்தன, இறைச்சி சுடும் ‘புகைச் சந்தில்’ கண் எரிய எரிய வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு வாளியில் சோளம் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. ஒரு மணியை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், தோல் அசையவில்லை. பல்லில் கடித்தால் உடைகிறது. சுண்ணாம்பையே பார்க்காத சோளம், சும்மா காட்சிக்கு வைத்தது. நிஷ்தமால் நன்றாகப் பக்குவப்பட்டிருந்தால் மணியைப் பிளந்து பார்க்கும்போது வெளிப்புறம் மிருதுவாகவும் நடுவில் ஒரு பொட்டு அளவு வெள்ளையாகவும் இருக்கும், ஈரச் சுண்ணாம்பும் மண்ணும் கலந்த வாசனை வரும். மெதாதே என்கிற எரிமலைக்கல் அம்மி மூலையில் நின்றது, அதன் மேல் பூந்தொட்டி. எடுத்து வைத்திருந்த மாவு கடையில் விற்கும் உடனடிச் சோளமாவு. பொட்டல மாவைக் குறை சொல்லவில்லை, மெக்சிகோவிலேயே எத்தனையோ வீடுகளில் அதுதான் புழக்கம். ஆனால் ஆளுக்கு 2,400 வாங்கியது அதற்காக இல்லை.

அந்த மாவையாவது ஒழுங்காகப் பிசைந்தார்களா? வெதுவெதுப்பான தண்ணீர் மாவின் அளவுக்குக் கொஞ்சம் குறைய ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணி போட்டு இருபது நிமிடமாவது மூடி வைக்க வேண்டும். அப்போதுதான் காய்ந்த மாவு தண்ணீரைக் குடிக்கும். ஓர் உருண்டையை அழுத்திப் பார்த்தால் ஓரம் வெடிக்கக் கூடாது, வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டினால் கூடிவிட்டது. இவர்கள் பிசைந்த கையோடு அச்சில் வைத்து அழுத்தச் சொன்னார்கள். போட்டதெல்லாம் ஓரம் வெடித்து நின்றது. ஒன்றுகூட உப்பவில்லை. முதல் பக்கம் இருபது விநாடி, திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பி நடுவில் விரலால் லேசாக அழுத்தினால் உப்ப வேண்டும். இரண்டு பக்கமும் மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே நீராவி அடைபட்டால்தான் அது நடக்கும். வெடித்த ஓரம் வழியாக ஆவி போய்விட்டால் எங்கே உப்புவது? அதற்கு அவர் சொன்ன பதில், “உங்கள் கை பழகவில்லை.” சுண்ணாம்புக் கரைசல் பூசிய கோமல் என்கிற மண் தோசைக்கல் என்று விளம்பரத்தில் படம். அடுப்பில் இருந்ததோ ஒட்டாத பூச்சுப் போட்ட தவா, அதுவும் பாதி சூட்டில்.

மோலேவுக்கு வருகிறேன். வயிறு எரிவது இங்கேதான். மோலே நெக்ரோ செய்யும் வீட்டில் யாரும் இருமாமல் இருக்க முடியாது. மிளகாயைக் காம்பும் விதையும் நீக்கி, கிட்டத்தட்டக் கறுக்கும்வரை வாட்டி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊற வைப்பார்கள். விதையைத் தனியாகக் கரியாகும்வரை எரிப்பார்கள், கூடவே ஒரு டோர்ட்டியாவையும். எரிந்த விதையைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்துக் கசப்பை எடுப்பார்கள். அந்தக் கறுப்பு நிறம் வருவது இதில்தான். புகை தொண்டையை அடைக்கும், அதனால் பலர் முற்றத்தில் வைத்துச் செய்வார்கள். பிறகு எள், பாதாம், நிலக்கடலை, உலர்திராட்சை, பழுத்த பெரிய வாழைப்பழம், ரொட்டி, கிராம்பு, பட்டை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒவ்வொன்றும் சிவக்கும் நேரம் வேறு, ஒன்றாகக் கொட்டினால் எள் தீய்ந்துவிடும். அரைத்த விழுதைப் பன்றிக் கொழுப்பில் போட்டுக் கொழுப்பு பிரிந்து மேலே வரும்வரை கிளறி, வான்கோழிச் சாற்றை ஊற்றி, கடைசியில் சாக்லேட்டும் வாட்டிய அவகாடோ இலையும். குறைந்தது அரைநாள் வேலை.

அந்த வீட்டில் யாரும் இருமவில்லை. மேசையில் மூன்று மிளகாய் கிடந்தது. சில்வாக்லே என்றார். சில்வாக்லே குட்டையாக, சின்னக் குடைமிளகாய் காய்ந்த மாதிரி உருண்டையாக இருக்கும். இது நீளமாக, தோள் அகன்று நுனி கூரான முலாத்தோ மிளகாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பாகத் தெரிந்தது (இதே மாதிரி இருக்கும் ஆன்ச்சோ மிளகாயாக இருந்தால் சிவப்பாகத் தெரியும்). அதையும் வறுக்கவில்லை, ‘பார்க்க’ வைத்ததாம். பானையில் கொதித்தது சந்தையில் குவியல் குவியலாகக் கிலோ கணக்கில் விற்கும் தயார் மோலே விழுது, சாற்றுக்குப் பதில் கடையில் விற்கும் கோழிச்சாறு சுவைக் கட்டியைக் கரைத்த தண்ணீர். குப்பைக்கூடையில் அந்தக் கட்டிகளின் உறைகள் கிடந்தன. கொழுப்பில் கிளறாமல் நேராகக் கரைத்துவிட்டதால் விழுது திப்பி திப்பியாக மிதந்தது, வாயில் வைத்தால் வெறும் இனிப்பு. வான்கோழி கோழிக்காலாகிவிட்டது.

விருந்தில் ஆறு மூன்றாயிற்று. ஒரு மெமேலா (தடித்த சோள ரொட்டி), அந்தக் கோழிக்கால், ஒரு கிண்ணம் சாக்லேட் பானம். சாக்லேட் மட்டும் நன்றாக இருந்தது, நுரை கட்ட ஆற்றியிருந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. மூன்று மெஸ்கலும் ஒன்றாயிற்று, லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலில். “என் மாமா காய்ச்சிய தொபலா” என்றார். தொபலா காட்டுக் கற்றாழை, முற்றப் பத்து வருடத்துக்கு மேலும் ஆகலாம். பரவலாகப் பயிரிடும் எஸ்பதீன் வகையைவிட எவ்வளவோ விலை கூடியது. சான்று பெற்ற பாட்டிலில் எந்தக் கற்றாழை, எந்த வகைத் தயாரிப்பு, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், விதிப்படி அது 35க்கும் 55க்கும் இடையில். பிளாஸ்டிக் பாட்டிலில் எதைப் பார்த்து நம்புவது?

அன்று இரவே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “நாளைக்கு வாருங்கள், இலவசமாக இன்னொரு வகுப்பு.” மறுநாள்: “சமையல்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லை.” மூன்றாம் நாள்: “சாப்பிட்டீர்கள்தானே?” நான்காம் நாளிலிருந்து பதிலே இல்லை, முகப்புப் படமும் காணோம்.

செயலிக்காரர்களிடம் போனால் முதலில் தானியங்கிப் பதில். பிறகு ஒருவர், 72 மணி நேரம் பொறுங்கள் என்றார். பொறுத்தேன். “நீங்கள் வகுப்பில் கலந்துகொண்டதாகப் பதிவாகியிருக்கிறது, புகார் முடிக்கப்பட்டது.” 4,000 ரொக்கமாகக் கொடுத்ததைச் சொன்னதும் குரலே மாறிவிட்டது: “எங்களுக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை.” எங்கள் கணக்கில் 800தான் இருக்கிறது என்கிறார்கள். என் கணக்கில் 4,800 இல்லை. அந்த 800ஐயாவது கொடுங்கள் என்றதற்கு, “உங்கள் கருத்துக்கு நன்றி.” விமர்சனம் எழுதினேன், ‘பரிசீலனையில்’ என்று நிற்கிறது. அந்த ஆளின் பக்கம் இன்னமும் அதே மிளகாய்ப் படத்தோடு திறந்திருக்கிறது. இந்த வாரமும் யாரோ பணம் கட்டுவார்கள்.

நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன் என்றேன், இப்போது தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன். செயலிக்கு வெளியே ஒரு பெசோகூடக் கொடுக்காதீர்கள், எந்தக் காரணம் சொன்னாலும். ரசீது எழுதித் தராதவரிடம் போகாதீர்கள். மெக்சிகோவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ப்ரோஃபெகோவில் புகார் கொடுக்கலாம், ஆனால் ரசீது இருந்தால்தான் பலம். சந்தைக்குப் போவது ரத்து என்று செய்தி வந்தால் அந்த நிமிடமே நீங்களும் ரத்து செய்யுங்கள். வகுப்புக்கு முந்தின ராத்திரி, ஊறுகிற சோளத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தண்ணீர் மஞ்சளாக இல்லாவிட்டால் போகாதீர்கள். மூன்று மணி நேரத்தில் மோலே நெக்ரோ என்றால் அது கடையில் வாங்கிய தயார் விழுது. உள்ளே நுழைந்ததும் சோளமணியைத் தேய்த்துப் பாருங்கள், தோல் வரவில்லையென்றால் உட்காராமல் அங்கேயே பணத்தைக் கேளுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.