மேசை மீது ஹில்குரோவ்: குன்னூர் மாதிரி ரயில் கண்காட்சி

சிம்ஸ் பூங்காவின் பழக்கண்காட்சிக்கு வரும் கூட்டத்தை நம்பி, குன்னூரில் ஒரு பள்ளி அரங்கில் மாதிரி ரயில் அமைப்புகள் மூன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். மூன்றில் ஒன்றுக்காக மட்டுமே அதைத் தயங்காமல் கொடுக்கலாம். அந்த ஒன்று, வாசலில் பேனர் கட்டி விளம்பரப்படுத்தியிருக்கும் பெரிய அமைப்பு அன்று.

பெரிய அமைப்பு, மேட்டுப்பாளையம் முதல் உதகை வரையிலான நீலகிரி மலை ரயிலின் 46 கிலோமீட்டர் பாதை முழுவதையும் காட்ட முயல்கிறது. 1:87 என்ற அளவில் இப்பாதையை உள்ளபடியே அமைத்தால் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமும், ஏழு மாடிக் கட்டடத்தின் உயரமும் வேண்டும் என்பதால், சுருக்கியதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் 16 குகைகளில் ஒன்றையும் விடக்கூடாது என்ற பிடிவாதத்தில், கடைசிப் பெட்டி ஒரு குகையை விட்டு வெளிவருவதற்குள் முன்பகுதி அடுத்த குகைக்குள் நுழைந்துவிடுகிறது. கேத்திப் பள்ளத்தாக்கு ஒரு சாண் அகலத்தில் முடிந்துபோகிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தைப் போட்டிருப்பதால், ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடும் மீட்டர் கேஜ் வண்டி காலை அகட்டி நிற்பது போலத் தோன்றுகிறது. இவையெல்லாவற்றையும் மன்னித்தாலும், எஞ்சின் முன்னால் நின்று வண்டியை இழுத்துக்கொண்டு மலையேறுவதை மன்னிக்க இயலவில்லை. குன்னூர் வரை நீராவி எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறும் என்பது இவ்வூரில் யாருக்குத்தான் தெரியாது? என் அருகில் நின்ற பத்து வயதுச் சிறுவன் அதைத்தான் முதலில் சுட்டிக்காட்டினான்.

பெட்டியோடு வாங்கி அப்படியே விரித்து வைத்த சுவிட்சர்லாந்துக் காட்சி ஒன்றும் உண்டு. அழகாக ஓடுகிறது.

மேடைக்குக் கீழே மூலையில், எட்டடி நீள மேசையொன்றில், இப்பாதையில் குன்னூருக்குக் கீழே உள்ள ஹில்குரோவ் நிலையமும் அதன் இருபுறத்துச் சரிவும் மட்டும் இருக்கின்றன. ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் தம் கையாலேயே செய்தது. 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தின் நடுவே, எஞ்சினின் பல்சக்கரங்கள் கவ்வி ஏறுவதற்கான இரண்டு பல்சட்டங்களை, ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக வரும்படி மாற்றி மாற்றிப் பொருத்தியிருக்கிறார். கார்ல் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறை இதுதான். இரு பல்சக்கரங்களும் ஒரே நேரத்தில் பிடி விடாமல், ஏதேனும் ஒரு பல் எப்போதும் கவ்வியிருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. 1899-இல் குன்னூர் வரை வண்டி வந்ததும், ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தை இன்றும் ஏறுவதும் இதனால்தான். பெரிய அமைப்பில் பல்சட்டம் வெறும் ஒப்பனை; இங்கே எஞ்சினின் அடிவயிற்றில் உள்ள பல்சக்கரம் உண்மையாகவே கவ்வுகிறது. காதை மேசையருகே கொண்டுசென்றால் அந்த நறநறப்புக் கேட்கிறது.

எஞ்சினை உரிய இடத்தில், கீழ்ப்பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொரு பெட்டியின் முன்தளத்திலும் கொடியும் பிரேக்குமாக ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். தண்ணீர்க் குழாயடியில் ஜல்லிக் கற்கள் மட்டும் ஈரத்தில் கறுத்திருக்கின்றன; கூரை ஓரத்தில் குரங்குகள் பயணிகளின் கையிலுள்ள பொட்டலத்தைக் குறிவைத்து உட்கார்ந்திருக்கின்றன. சரிவில் தேயிலையையோ சில்வர் ஓக்கையோ நிரப்பிவிடாமல் அடர்காடாகவே விட்டிருப்பது, பாதையை நன்கு அறிந்தவர் செய்த தேர்வு. வானமாகத் தொங்கவிட்ட நீலத் துணிதான் சற்று மிகையாகிவிட்டது; அங்கே அத்தனை தெளிந்த நீலத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஏற்பாட்டாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம், இந்த மேசைக்கு ஒரு விளக்குகூடக் கொடுக்கவில்லை என்பதே. மேசையும் உயரமாக இருப்பதால் குழந்தைகளைத் தூக்கித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. காலையில் போனால் சன்னல் வெளிச்சம் உதவும். பதினைந்து நிமிட ஓட்டத்துக்கு ஒருமுறை மோட்டார் சூடாகி, பத்து நிமிடம் வண்டியை நிறுத்திவைக்கிறார்கள். பொறுமையிழந்த ஒருவர் இதைப் பற்றிக் கேட்டதற்கு, பெரியவர் தண்ணீர்க் குழாயைக் காட்டிச் சொன்னார்: “நெசமான எஞ்சினும் இங்க நின்னு தண்ணி புடிச்சுட்டுத்தானுங்க மேல போகும்.”