இலவசம்தான், ஆனால் இடையில் எழும்ப முடியாது: மட்டக்களப்பில் இருந்து டோட்டா 2

மட்டக்களப்பில் இருந்துகொண்டு டோட்டா 2 ஆடலாமா என்று கேட்பவர்களிடம் நான் கொம்பியூட்டரைப் பற்றி முதலில் கேட்பதில்லை. முக்கால் மணித்தியாலம் யாரும் கூப்பிடாத ஒரு மூலை வீட்டில் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். கொவிட் முடக்கத்துக்கு முன்னால் தொடங்கி இன்று வரை ஆடி வருகிறேன். இந்த கேமில் எனக்கு வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த முக்கால் மணித்தியாலத்தைச் சுற்றித்தான் வந்தன.

தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். பக்கத்துக்கு ஐந்து பேர். ஆளுக்கொரு ஹீரோ. மூன்று பாதைகள், நடுவில் ஒரு ஆறு. எதிரியின் மூலையில் இருக்கும் ஏன்ஷியன்ட் என்ற கட்டடத்தை உடைத்தால் வெற்றி. வார்கிராஃப்ட் 3 என்ற பழைய கேமுக்கு ரசிகர்கள் செய்த ஒரு மேப்பில் இருந்து வளர்ந்தது இது. வால்வ் நிறுவனம் 2013 ஜூலையில் முறையாக வெளியிட்டது. ஹீரோக்கள் 120க்கு மேல் இருக்கிறார்கள். காசு கட்டித்தான் திறக்க வேண்டும் என்ற ஹீரோ ஒருவர்கூட இல்லை. காசு போவதெல்லாம் உடுப்புக்கும் மினுக்கத்துக்கும் மட்டும்தான். ஆர்கானா என்று விற்கும் உயர்ந்த உடுப்பு ஒன்றின் விலை 35 டொலர் அளவில் வரும். டொலர் 300 ரூபாய்க்குக் குறையாத காலத்தில் அது பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். நான் ஆடும் கிரிஸ்டல் மெய்டன் என்ற ஹீரோ இன்னும் பிறந்தபோது போட்டிருந்த அதே உடுப்போடுதான் திரிகிறாள். அதனால் ஒரு ஆட்டமும் தோற்றதில்லை. தோற்றதெல்லாம் வேறு காரணங்களால்.

அந்த வேறு காரணங்களில் முதலாவது கரண்ட். ஒரு ஆட்டம் 35 நிமிடத்தில் முடியலாம், ஒரு மணித்தியாலத்தையும் தாண்டலாம். இடையில் நிறுத்திவைத்து நாளைக்குத் தொடரும் வசதி கிடையாது. இன்டர்நெட் லைன் அறுந்து மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வெளியே நின்றால் ஆட்டத்தைக் கைவிட்டவர் என்று பதிவாகும். அடிக்கடி அப்படி நடந்தால் லோ பிரையோரிட்டி என்ற தண்டனை வரிசையில் தள்ளிவிடுவார்கள். அங்கே சிங்கிள் டிராஃப்ட், அதாவது கேம் காட்டும் சில ஹீரோக்களில் ஒன்றை எடுத்து ஆடும் முறை, மட்டும்தான் ஆடலாம். குறித்த அளவு ஆட்டங்களை வென்றால்தான் வெளியே வரலாம். அதோடு நடத்தைப் புள்ளியும் இறங்கும். நீங்கள் கோபத்தில் ஓடினீர்களா, ட்ரான்ஸ்போமர் வெடித்ததா என்பது சேர்வருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கணக்கில் எடுக்காது. நாலு பேரை நடுவில் விட்டுவிட்டுப் போனால் அந்த நாலு பேருக்கும் காரணம் முக்கியமில்லை. சட்டம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். எங்கள் ஊருக்கு ஏற்றதில்லை, அவ்வளவுதான்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்த நாட்கள் நினைவிருக்கும். அப்போது நாங்கள் மின்வெட்டு நேர அட்டவணையைப் பார்த்துத்தான் ஆட்டம் போட்டோம். கல்லடியில் இருப்பவனுக்கு ஒரு நேரம், காத்தான்குடியில் இருப்பவனுக்கு வேறொரு நேரம். எங்கள் அணியின் ஐந்து பேருக்கும் ஒரே வேளையில் வெளிச்சம் இருக்கும் இடைவெளியைத் தேடிப் பிடிப்பதே ஒரு தனி விளையாட்டாக இருந்தது. நிலைமை சீரானபின் ஒரு யூபிஎஸ் வாங்கினேன். ரவுட்டரும் கொம்பியூட்டரும் அதில்தான் ஓடுகின்றன. ஆட்டம் முழுவதையும் தாங்காது. ஆனால் கண் சிமிட்டி வரும் கரண்டுக்கு அது போதும். கிராபிக் கார்டுக்குச் செலவழிக்க எண்ணியிருக்கும் தம்பிமார் முதலில் இதை வாங்குங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுக்க இருண்டதே, அதுபோன்ற நாட்களுக்கு எந்த யூபிஎஸ்ஸும் உதவாது. சிங்கப்பூர் சேர்வரில் இருந்த நாலு பேருக்குக் குரங்குக் கதையைச் சொல்லி நம்பவைக்கவும் முடியாது.

நான் சப்போர்ட் ஆடுவதற்கும் இதுதான் உண்மையான காரணம். கேரி என்பவன் அரை மணித்தியாலம் காசு சேர்த்து, கடைசியில் அணியைத் தோளில் சுமக்க வேண்டியவன். அவன் மறைந்தால் ஆட்டமே மறைந்துவிடும். ஐந்தாம் இடத்து சப்போர்ட் எதிரியின் நடமாட்டத்தைக் காட்டும் வார்ட் வைப்பான், கூட்டாளிகளைக் காப்பாற்றுவான், தேவைப்பட்டால் முதலில் சாவான். அவன் மூன்று நிமிடம் காணாமல் போனால் அணி திட்டும், ஆனால் தாங்கிக்கொள்ளும். ஹீரோவையும் லைனைப் பார்த்தே தெரிவு செய்கிறேன். லிச் நல்ல தெரிவு. அதன் கடைசி மந்திரத்தை ஒருவன்மேல் ஏவிவிட்டால் அது தானாகவே ஆள்மாறித் துள்ளும். இன்வோக்கர் என்ற ஹீரோவை எடுத்துப் பத்து மந்திரங்களை விரல் நுனியில் கலப்பதற்கு என் விரலும் போதாது, லைனும் போதாது.

லைன் என்றால், கடல் எங்கள் வாசலில் இருந்தாலும் கடலடிக் கேபிள் கரையேறுவது கொழும்புப் பக்கமும் மாத்தறையிலும்தான். நாம் அழுத்தும் ஒவ்வொரு கிளிக்கும் முதலில் தீவைக் குறுக்கே கடந்துவிட்டுத்தான் கடலுக்குள் இறங்குகிறது. 4ஜி ரவுட்டரில் ஆடிய காலத்தில் பகல் பிரச்சினையில்லை. மாலை ஏழு மணிக்குப் பிறகு ஊர் முழுக்க நாடகம் பார்க்கத் தொடங்கியதும் ஹீரோ வழுக்கத் தொடங்குவான். பைபர் வந்தபிறகு அந்த வழுக்கல் நின்றது. வேகத்தைவிட ஒரே சீராக வருவதுதான் முக்கியம். மாரி காலத்தில் இடி முழங்கினால் வீட்டில் எல்லா வயரையும் கழற்றச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து மேன்முறையீடு கிடையாது.

தென்கிழக்காசிய சேர்வரில் பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா ஆட்கள்தான் அதிகம். இந்திய சேர்வரில் பிங் (கிளிக் சேர்வருக்குப் போய்வர எடுக்கும் நேரம்) குறைவு, ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு ஆள் கிடைக்க நேரமெடுக்கும். இரண்டிலும் திட்டு உண்டு. மைக்கை மூடும் பொத்தான் எங்கே என்பதைப் புதியவர்கள் முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். திறமையை மறைத்துக்கொண்டு கீழ் ரேங்கில் வந்து அடிப்பவர்களின் 90,000 கணக்குகளை 2023 செப்டெம்பரில் வால்வ் ஒரேயடியாகத் தடை செய்தது. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் நிம்மதியாக இருந்தது. தனியாக ரேங்க் ஏற வேண்டும் என்ற ஆசையில் மட்டும் இதற்குள் வருகிறவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முன்பின் தெரியாத நாலு பேரோடு ஆடி, தோற்று, நித்திரையும் போய், காலையில் வேலைக்குப் போவதில் ஒரு சுகமும் இல்லை.

எங்கள் அணி கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை என்று சிதறிக் கிடக்கிறது. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து வந்தால் சஹர் வரை காத்தான்குடிக்காரனைக் கொம்பியூட்டர் முன்னால் இருந்து எழுப்ப முடியாது. அந்த மாதம் முழுக்க மற்றவர்களின் நித்திரையும் அவன் நேரத்துக்கு மாறும். "மறுகா ஒண்டு அடிப்பமா மச்சான்?" என்று அவன் கேட்டால் இல்லை என்று சொல்லும் துணிவு யாருக்கும் வராது.

எங்களுக்குக் கைகொடுத்தது தனி லொபி. நாமே ஒரு லொபி திறந்து, கடவுச்சொல் போட்டு, பத்து பேரையும் நாமே சேர்க்கலாம். ஆள் குறைந்தால் கொம்பியூட்டரே ஆடும் பொட் போடலாம். யார் விட்டுப்போனாலும் தண்டனை இல்லை, ரேங்க்கும் போகாது. கரண்ட் போனால் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். மட்டக்களப்புக்கு எதிராகக் கல்முனை என்று நாங்கள் ஆடிய ஆட்டங்கள்தான் இத்தனை வருடத்தில் எனக்கு மிஞ்சிய நல்ல ஆட்டங்கள். பொது ஆட்டத்திலும் பாஸ் உண்டு. ஆனால் எதிரணியும் அதை எடுத்துவிடலாம், எடுத்துவிடுவார்கள்.

நீண்ட காலம் ஆடுகிறவன் சொல்ல வேண்டிய இன்னொன்று, இந்த கேம் ஒரே கேமாக நிற்பதில்லை. 2023 ஏப்ரலில் வந்த 7.33 பதிப்பில் மேப்பே ஏறத்தாழ 40 சதவீதம் பெருத்தது. நான் மனப்பாடமாக வார்ட் வைத்த மேடுகள் இடம் மாறின. அடுத்த வருடம் மே மாதம் 7.36இல் ஒவ்வொரு ஹீரோவுக்கும் பிறவிக் குணம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. பரீட்சைக்காக ஆறு மாதம் விட்டுவிட்டு வந்த எங்கள் மிட் (நடுப்பாதை) ஆட்டக்காரன், முதல் வாரம் முழுக்கக் கடையில் எந்தப் பொருள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். எனக்கு இந்த மாற்றங்கள் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் வரும் பெரிய அப்டேட்டுக்கு டேட்டா போவதுதான் பிடிக்காது.

ஆடுவதைவிடப் பார்ப்பது இப்போது கூடிவிட்டது. தி இன்டர்நேஷனல் என்ற வருடாந்தப் போட்டி 2011இல் ஜெர்மனியின் கொலோனில் தொடங்கியது. முதல் தடவையே வென்றவர்களுக்கு ஒரு மில்லியன் டொலர். ரசிகர்கள் காசு கட்டி வாங்கிய பேட்டில் பாஸ் என்ற சிறப்புத் தொகுப்பின் வருமானத்தில் கால் பங்கைப் பரிசில் சேர்த்ததால் தொகை வருடாவருடம் ஏறி, 2021இல் புக்கரெஸ்டில் 40 மில்லியனைத் தாண்டியது. கொவிட்டால் பார்வையாளர் இல்லாத அரங்கில், டீம் ஸ்பிரிட் என்ற இளம் அணி தோற்றவர்களின் வரிசையில் இருந்து ஒவ்வொன்றாக ஏறிவந்து, இறுதியில் பிஎஸ்ஜி எல்ஜிடியை 3-2 என வென்றது. கொலாப்ஸ் என்ற ஆட்டக்காரரின் ஹீரோ மேக்னஸ் எதிரிகளை ஒரே இழுப்பில் அள்ளிய காட்சிகளை இன்றும் திரும்பப் போட்டுப் பார்ப்பேன்.

2023இல் வால்வ் பேட்டில் பாஸை நிறுத்தியதும் பரிசு 3 மில்லியன் அளவுக்கு இறங்கியது. செத்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2025இல் ஹம்பேர்க்கில் டீம் பால்கன்ஸ் எக்ஸ்ட்ரீம் கேமிங்கை ஐந்தாவது ஆட்டம் வரை போய் வென்றபோது இருந்த பதற்றத்துக்கும் பரிசுத் தொகைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்களுக்கு நேரமும் வசதி. ஐரோப்பாவில் நடந்தால் பகலும் மாலையுமாகப் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். சியாட்டிலில் நடந்தால்தான் விடிய விடிய விழித்திருக்க வேண்டும். யூடியூபில் பார்த்து டேட்டாவைக் கரைக்காதீர்கள். கேமுக்குள்ளேயே போட்டியைப் பார்க்கும் வசதி உண்டு. அங்கே வீடியோ வருவதில்லை, ஆட்டத்தின் அசைவுத் தகவல் மட்டும் வந்து உங்கள் கொம்பியூட்டரே படத்தை வரைகிறது. அதனால் செலவு மிகக் குறைவு, கமெராவும் உங்கள் கையில்.

உள்ளூரில் இதற்கு ஆள் குறைவு என்பதை மறைக்க முடியாது. போனில் ஆடும் ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும்தான் எங்கள் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன. அதில் பிழையுமில்லை, கொம்பியூட்டர் இல்லாத வீடுதானே அதிகம். கராச்சியில் பிறந்த சுமைல், 2015இல் 16 வயதில் தி இன்டர்நேஷனலை வென்றார் என்று சொன்னால் வாய் பிளந்து கேட்பார்கள். பிறகு போனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போட்டி அரங்கு என்றால் எங்களுக்கு இன்னும் கொழும்புதான். உதயதேவி ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும், மவுஸையும் ஹெட்செட்டையும் மடியில் வைத்துக்கொண்டு. இங்கேயே பத்துக் கொம்பியூட்டரை ஒரு மண்டபத்தில் வைத்து, ஜெனரேட்டர் ஒன்றும் போட்டு யாராவது ஒரு நாள் நடத்தினால் கல்முனைக்காரர் முதல் பஸ்ஸில் வந்து நிற்பார்கள். எங்கள் ஐந்து பேரின் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.