கறுப்பு காரும் 15 மில்லிமீட்டரும்

கறுப்பு கார் வாங்காதே என்று எல்லாரும் சொன்னார்கள், கேட்கவில்லை. மூன்றே வருடத்தில், வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை. கழுவும்போது துணியில் ஒட்டியிருந்த மண் போட்ட கோடுகள்தான் அத்தனையும். அதைப் போக்க ஒரு பாலிஷிங் மெஷின் தேடத் தொடங்கி, இன்று மூன்றாவது மெஷினில் வந்து நிற்கிறேன். முதல் இரண்டையும் மோசம் என்று சொல்ல மாட்டேன். என் கைக்கும் என் காருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வாங்கியது ரோட்டரி. ஒரே அச்சில் பம்பரம் மாதிரி சுற்றும், வேறு வித்தை எதுவும் அதற்குத் தெரியாது. ஆனால் வேகம் அபாரம். வாரக்கணக்கில் உறுத்திய கீறல் நாலு இழுப்பில் காணாமல் போனது. காணாமல் போன இடத்தில், வெயில் பட்டதும், தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் போல வளைவு வளைவாக ஒரு மினுக்கல். அதற்குப் பெயர் ஹாலோகிராமாம்.

அதாவது பரவாயில்லை, சரிசெய்துவிடலாம். கதவின் மடிப்புக் கோட்டில் நடந்ததற்குத்தான் மருந்தே இல்லை. கம்பெனி பெயின்டின் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. மடிப்பிலும் ஓரத்திலும் அது இன்னும் மெலிந்திருக்கும், ரோட்டரியோ சூட்டை அங்கேயே குவிக்கும். நான் இரண்டு விநாடி கூடுதலாக நின்றுவிட்டேன். மெஷின் முனையில் மாட்டித் தேய்க்கும் பேடைத் தூக்கிப் பார்த்தால், அதில் தடவிய வெள்ளைக் காம்பவுண்டில், அதாவது கீறலைத் தேய்த்தெடுக்கும் பசையில், கறுப்புச் சாயம். அழுக்கு போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு முறை வேறு தேய்த்தேன்! கிளியர் கோட்டைத் தாண்டி நிறத்துக்கே வந்துவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. விரல் நீளத்துக்கு அந்தத் தழும்பு இன்னும் அங்கே இருக்கிறது.

அடுத்தது டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன். பேட் சுற்றிக்கொண்டே, அச்சைவிட்டு விலகி ஒரு சின்ன வட்டமும் அடிக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் த்ரோ என்கிறார்கள். 8 மி.மீ.யில் தொடங்கி 21 வரை பரவலாகக் கிடைக்கிறது. சூடு ஒரே இடத்தில் சேராது என்பதால் கைப்பழக்கம் இல்லாதவருக்கும் பயம் குறைவு. ஆசை யாரை விட்டது, நேராக 21-க்குப் போனேன். மேற்கூரையிலும் பானெட்டிலும் அது ராஜா. பம்பர் வளைவுக்கு வந்ததும் படுத்துவிட்டது.

காரணம் எளிது. இந்த மெஷின்களில் பேட் சுற்றுவதற்குக் கியர் கிடையாது, தன்போக்கில்தான் சுற்றும். வளைவில் ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் சுற்று நின்று, வெறும் நடுக்கம்தான் மிஞ்சும். மோட்டார் சத்தம் மட்டும் மாறாது, அதனால் ஏமாந்துபோவோம். பேடைத் தாங்கும் வட்டத் தகடான பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றால் பேட் நின்றுவிட்டது என்று அர்த்தம். கடையில் மெஷினைக் காற்றில் ஓடவிட்டுக் காட்டினால் நம்பாதீர்கள், காற்றில் எல்லாமே ஜோராகச் சுற்றும்.

கியர் வைத்துக் கட்டாயமாகச் சுற்றவைக்கும் வகையும் உண்டு. நண்பருடையதை அரைநாள் பிடித்துப் பார்த்தேன். எவ்வளவு அழுத்தினாலும் நிற்கவில்லை. ஆனால் கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடப்பார்க்கும் கன்றைப் பிடித்த மாதிரி இருந்தது. நமக்கு வேண்டாம் சாமி.

இப்போது கையில் இருப்பது 15 மி.மீ. த்ரோ, 125 மி.மீ. பிளேட். இந்தப் பெரிய த்ரோவைப் பிரபலமாக்கிய இத்தாலியின் ரூபெஸும் 21-க்கு 150 மி.மீ. பிளேட்டும் 15-க்கு 125 மி.மீ. பிளேட்டும்தான் போடுகிறது. அந்த 25 மில்லிமீட்டர் குறைவது கதவின் கீழ்ப்பாதியிலும் பம்பரிலும் நன்றாகவே தெரிகிறது. நான் பெட்டியில் வாட் கணக்கைப் பார்த்தே இரண்டு முறை ஏமாந்தவன். பார்க்க வேண்டியது, அழுத்தினால் வேகம் விழாமல் தாங்குகிறதா, ஸ்விட்சைத் தட்டியதும் துள்ளாமல் மெல்லக் கிளம்புகிறதா, அரைமணி பிடித்தபின் விரல் மரத்துப்போகிறதா என்பதைத்தான். என்னுடையது முதல் இரண்டில் தேறும். மூன்றாவதில் சுமார், ஒரு கதவு முடிந்ததும் கையை உதறிக்கொள்கிறேன்.

குறை என்றால், கண்ணாடிக்கு அடியிலும் கைப்பிடிக் குழியிலும் இதுவும் நுழையாது. அதற்கு 75 மி.மீ. குட்டி மெஷின் வேண்டும், இல்லையென்றால் கைதான். வயரையும் தோள்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். கீழே தொங்கவிட்டால், இப்போதுதான் தேய்த்த பெயின்டில் அதுவே புதுக் கோடு போடும்.

பட்ஜெட் இறுக்கம் என்றால் மெஷினில் ஒரு படி இறங்கி, பேட் கூடுதலாக வாங்குங்கள். ஒரே பேடோடு முழுக் காரையும் முடிக்கப் பார்த்தால் பாதியிலேயே அது தூசியும் காம்பவுண்டும் அடைத்துக் களிமண்ணாகிவிடும். நான் ஆறு வைத்திருக்கிறேன், அதுவும் சில நாள் பற்றுவதில்லை. முதலில் மெத்தென்ற பேடும் லேசான பாலிஷும் போட்டு, இரண்டு சாண் சதுரத்தில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். ஆல்கஹால் கலவையால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, கோடு போகவில்லை என்றால்தான் காரமான காம்பவுண்டைத் தொடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி, இருட்டும்முன் மேற்கூரை, பானெட், இரண்டு கதவு முடிந்தது. மூன்றாவது கதவில்தான் அந்தத் தழும்பு இருக்கிறது. மடிப்பு நெடுக டேப் ஒட்டிவைத்திருக்கிறேன், மெஷினை இன்னும் எடுக்கவில்லை.