தொடர் இலக்கம் தானாக ஓடும் அட்டவணை: மல்லாவியில் எட்டு வருட அனுபவம்

சிறுபோக நெற்செய்கைக்கான கூட்டம் நெருங்கினால், கணினியில் அடித்து அச்செடுத்துக் கொடுக்கும் எங்கள் கடையில் பெயர்ப்பட்டியல் வேலை தொடங்கிவிடும். எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துப் பாசனக் குளமான வவுனிக்குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதெல்லாம் கூட்டத்தில்தான் முடிவாகும். அதற்கு முன்பே கமக்காரர் அமைப்புகள் (விவசாயிகளின் சங்கங்கள்) தங்கள் உறுப்பினர்களை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து அட்டவணை போட்டுத் தரச் சொல்லி வந்துவிடுவார்கள். இதோடு கோயில் கணக்கறிக்கை, மாதர் சங்க ஆண்டறிக்கை என்று வருடம் முழுக்க அட்டவணை வேலைதான். எட்டு வருடமாக இதை லிப்ரே ஒபிஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் செய்கிறேன். வேர்ட்டில்தான் வேண்டும் என்பவர்களுக்கு வேர்ட்டிலும் செய்து கொடுக்கிறேன்.

முதல் வருடம் இலக்கங்களைக் கையால்தான் அடித்தேன். 214 பேர் கொண்ட ஒரு பட்டியல். அச்செடுக்கும் நேரத்தில் ஒரு அக்கா வந்தார். கணவர் இறந்து காணி அவர் பெயருக்கு மாறியிருந்தது, பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாய்க்கால் ஒழுங்குப்படி 37க்கும் 38க்கும் நடுவில் வரவேண்டும். வரியைச் சேர்த்துவிட்டு, கீழே இருந்த 177 இலக்கங்களையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். அவசரத்தில் 96 இரண்டு தடவை விழுந்துவிட்டது. மறுநாள் ஒரு ஐயா தாளோடு வந்து, "தம்பி, 96 நானோ, அவரோ?" என்று கேட்டார். கோபமே இல்லாமல், பயந்த குரலில் கேட்டார்.

எங்கள் ஆட்களுக்குப் பட்டியல் என்பது லேசான விஷயம் அல்ல. 2009க்குப் பிறகு நிவாரணம், தகரம், இந்திய வீட்டுத்திட்டம் எல்லாம் பட்டியல் வழியாகத்தான் வந்தன. "பேர் இருக்கோ, எத்தினையாம் நம்பர்?" என்று கேட்டுக் கேட்டே காலம் போனவர்கள். அவர்கள் கையில் கொடுக்கும் தாளில் இலக்கம் பிழைக்கக் கூடாது. அன்றிலிருந்து ஒரு இலக்கத்தையும் நான் கையால் அடித்ததில்லை.

வழி சிக்கலானது அல்ல. தலைப்பு வரியை விட்டுவிட்டு, தொடர் இலக்கப் பத்தியின் (மேலிருந்து கீழாக ஓடும் நிரலின்) மற்றக் கட்டங்களை மட்டும் தெரிவுசெய்து ரைட்டரில் எஃப்12ஐ அழுத்தினால் 1, 2, 3 என்று ஓடிவிடும். (வேர்ட்டில் எஃப்12 வேறு வேலை செய்யும், கோப்பை வேறு பெயரில் சேமிக்கும் பெட்டியைத் திறக்கும். அங்கே நம்பரிங் பொத்தானைத்தான் அழுத்தவேண்டும்.) நடுவில் வரி சேர்த்தாலும் அழித்தாலும் கீழே உள்ளவை தாமாக நகரும். பெயர் ஒழுங்கில் அடுக்கினாலும் இலக்கம் 1இலிருந்தே ஓடும்.

இதை அறிந்தவர்கள்கூடக் கைவிடுவதற்குக் காரணம் தோற்றம்தான். இலக்கம் கட்டத்தின் ஓரத்தில் நிற்காமல் வலப்பக்கம் தள்ளிப்போய் நிற்கும். பத்தி ஒடுக்கமாக இருந்தால் பார்க்கவே சகிக்காது. பட்டியல் என்றாலே மென்பொருள் முன்னால் ஒரு உள்தள்ளலும் இலக்கத்துக்குப் பின்னால் ஒரு டேப் இடைவெளியும் வைத்துவிடுகிறது, அதுதான் காரணம். உள்தள்ளலைப் பூச்சியமாக்கி, இலக்கத்துக்குப் பின் ஒன்றும் வேண்டாம் என்று கொடுத்து, கட்டத்தை வலப்பக்கம் சீராக்கினால் 9க்குக் கீழே 10உம் 99க்குக் கீழே 100உம் ஒன்றின் இடத்தில் ஒன்று நேராக நிற்கும். ரைட்டரிலும் வேர்ட்டிலும் இது முடியும்.

இன்னொன்று. இலக்கக் கட்டத்துக்குள் யாராவது தெரியாமல் என்டரைத் தட்டினால் அந்த வரியின் இலக்கம் குழம்பும், அதன்பின் எல்லாம் பிழைத்துப்போகும். பட்டியலின் கடைசி இலக்கம் வரிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று அச்சுக்கு முன் பார்த்துக்கொள்வேன். இரண்டாவது வாய்க்காலின் அட்டவணை முதலாவதின் தொடர்ச்சியாக 83இல் தொடங்கினால் பயப்பட வேண்டாம், முதல் இலக்கத்தில் ரைட் கிளிக் செய்து மறுபடி 1இலிருந்து தொடங்கச் சொன்னால் சரி.

அடுக்குவதில் நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று உண்டு. நாங்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் எழுதுகிறோம். பெயரையும் முதலெழுத்தையும் ஒரே கட்டத்தில் அடித்தால் ஊரே தகப்பன்மாரின் ஒழுங்கில் நிற்கும். முதலெழுத்துக்கு ஒரு சின்னப் பத்தி தனியாக வையுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை அடுக்கவே முடியாது. கணினிக்கு அது ஆங்கில எழுத்துதான் என்பதால், விசைகளின் ஒழுங்கில் தாறுமாறாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும்.

அட்டவணைகளுக்கே இலக்கமிடுவது அடுத்த கதை. அட்டவணையில் ரைட் கிளிக் செய்து, 'அட்டவணை 1' என்பது போன்ற தலைப்புவரி சேர்க்கும்போது 'டேபிள்' என்ற சொல்லுக்குப் பதில் 'அட்டவணை' என்று நானே அடித்துவிடுகிறேன், ரைட்டர் அதை ஏற்றுக்கொள்கிறது. வேர்ட்டில் புதிய லேபிள் என்று உண்டாக்கவேண்டும். ஆனால் முதல் தடவை 'அட்டவணை' ஒரு அளவிலும் '1' வேறு அளவிலும் வந்து நின்றன. தமிழுக்கு ஒரு எழுத்துரு, ஆங்கிலத்துக்கும் இலக்கத்துக்கும் இன்னொன்று என்று மென்பொருள் வைத்திருக்கிறது. நான் தமிழை மட்டும் மாற்றியிருந்தேன். தலைப்புவரியின் ஸ்டைலில் (எழுத்து அமைப்பில்) இரண்டு இடத்திலும் ஒரே அளவைக் கொடுத்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதே ஸ்டைலில் 'அடுத்த பந்தியோடு சேர்ந்திரு' என்பதையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தலைப்புவரி ஒரு பக்கத்தின் அடியிலும் அட்டவணை மறுபக்கத்திலும் கிடக்கும்.

அறிக்கையின் உள்ளே 'அட்டவணை 4 இல் காண்க' என்று எழுதும்போது அந்த 'அட்டவணை 4'ஐயும் கிராஸ் ரெஃபரன்ஸாகவே (தலைப்புவரியோடு இணைந்த சுட்டாக) செருகுகிறேன். தமிழில் வேற்றுமை உருபு இலக்கத்துக்குப் பின் வருவதால், சாதாரண இடைவெளி விட்டால் 'இல்' மட்டும் அடுத்த வரிக்குப் போய்த் தனியாக நிற்கும். கன்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிரியாத இடைவெளி விழும். இது யாரும் சொல்லித் தந்ததல்ல, பல தாள்கள் வீணான பிறகு கண்டுபிடித்தது.

தாள் வீணாவது 2022இல் உறைத்தது. மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலம் அது. தாளும் தட்டுப்பாடு. மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் அச்செடுத்தாக வேண்டும், திரும்ப எடுக்கத் தாள் இல்லை. ஒரு சங்கத்தின் அறிக்கையை வேர்ட்டில் செய்திருந்தேன். நடுவில் ஒரு அட்டவணையை நீக்கிவிட்டு அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். தலைப்புகள் 5க்குப் பிறகு 7 என்று வந்தன, உள்ளே ஓரிடத்தில் நீக்கிய அட்டவணையின் பெயரே இன்னும் நின்றது. வேர்ட் அந்த இலக்கங்களை நாம் கேட்கும்வரை புதுப்பிக்காது. கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9. இப்போது அச்சுக்கு முன் புதுப்பிக்கும் தெரிவையும் அமைப்புகளில் போட்டுவைத்திருக்கிறேன். ரைட்டர் இந்த விஷயத்தில் நல்லது, தலைப்பு இலக்கங்களைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் முன்பக்கத்து அட்டவணைப் பொருளடக்கத்தை அதுவும் தானாகத் திருத்தாது, ரைட் கிளிக் செய்து புதுப்பிக்கவேண்டும்.

குறை என்று சொன்னால், ரைட்டரில் செய்ததை வேர்ட்டில் திறக்கும்போது இலக்கப் பத்தியின் உள்தள்ளல் சில நேரம் பழையபடி தள்ளிப்போகிறது. எட்டு வருடத்தில் இதற்கு முழுத்தீர்வு கிடைக்கவில்லை. அச்சுக்குப் போவதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கிறேன், திருத்தப்போகிறவர்களுக்கு மட்டும் மூலக்கோப்பு.

இப்போது எல்லா அமைப்பும் போட்ட ஒரு வெற்றுக் கோப்பு வைத்திருக்கிறேன். தொடர் இலக்கம், முதலெழுத்து, பெயர், வாய்க்கால், ஏக்கர், கையொப்பம் என்று ஆறு பத்தி. ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரி திரும்ப வரும், ஒருவரின் வரி இரண்டு பக்கமாக உடையாது. போன சிறுபோகத்துக்கு முந்தின நாள் பின்னேரம் மூன்று பெயர் சேர்த்து ஒன்றை நீக்கினோம், ஐந்து நிமிடம் ஆகவில்லை. சங்கச் செயலாளர்கள் பென்ட்ரைவோடு வந்தால் அந்தக் கோப்பை ஏற்றிக் கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை.